சும்மா ரெண்டு படம்

"புது க்ளினிக்கைச் சும்மா ரெண்டே ரெண்டு படம் சார். வந்தோமா, எடுத்தோமா, போனோமான்னு முடிஞ்சிடும்" என்றார் பல் டாக்டர்.

போட்டோக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த 'சும்மா'வைக் கேட்டுக் கேட்டே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. சொந்தக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், மனைவியின் சிநேகிதிகள், அந்தச் சிநேகிதிகளின் சிநேகிதிகள் என்று ஊரே அவரிடம் சும்மாதான் படம் எடுத்துக்கொண்டிருந்தது. இனிமேல் அது நடக்காது, மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தார்.

"கேமரா ரிப்பேர்ல இருக்கு டாக்டர்" என்றார்.

முடிவு அந்த உருவத்தில்தான் வெளியே வந்தது.

"அடடா! அதனால என்ன? என் மச்சினன் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கான். பெட்டியைக்கூடப் பிரிக்கலை. நாளைக்குக் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் உற்சாகமாகப் போய்விட்டார். சாக்குச் சொல்லியும் தப்ப முடியவில்லை, சொன்ன பொய்க்காக நாளைக்கு வேறொருத்தர் கேமராவில் வேலை செய்ய வேண்டும்.

மருந்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே இருந்தது அவருடைய ஸ்டூடியோ. காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் அங்கே அபூர்வம். வந்தவர்களும் மறுபடி அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஓசியில் எடுத்துக்கொண்டவர்களோ படத்தைக் கையில் வாங்கியதும் கண் கலங்கினார்கள், வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். இதிலிருந்து அவர் ஒரு தத்துவத்துக்கே வந்திருந்தார். காசு இருக்கிறவனுக்கு ரசனை கிடையாது. ரசனை இருக்கிறவனுக்குக் காசு கொடுக்க மனசு கிடையாது.

ஆனாலும் மாசம் பிறந்தால் கடை வாடகை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. வரவு செலவெல்லாம் மனைவியின் பொறுப்பு. "எப்படிம்மா சமாளிக்கறே?" என்று கேட்டால், "தையல்ல வர்றது போதும். நீங்க கவலைப்படாம உங்க வேலையைப் பாருங்க" என்பாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லுவாள்.

அது அவரை அரித்தது. தன் கடையை அவள் முதுகில் சுமக்கிறாள் என்ற நினைப்பில் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவார். போன வாரம் அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்ததைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவருடைய சட்டைக்குப் பொத்தான்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இருந்தாலும் மனசு தாங்கவில்லை.

அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று அவள் வெளியூர் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் இந்த ஓசி வேலையை ஒழித்துக்கட்டி, நாலு காசு சம்பாதித்து அவள் கையில் கொடுத்து, "மெஷினை மூடி வை" என்று சொல்ல வேண்டும். முடியாவிட்டால் கடையை மூடிவிட வேண்டும். இரண்டில் ஒன்று.

மறுநாள் டாக்டர் சொன்னபடி புதுக் கேமராவோடு வந்து நின்றார். போட்டோக்காரர் அதைத் தொடவில்லை.

"டாக்டர், மனசுல உள்ளதைச் சொல்லிடறேன். இனிமே நான் சும்மா எடுக்கறதில்லை. உங்களுக்காகப் பாதி ரேட் போட்டுக்கறேன்."

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, காசெல்லாம் வேண்டாம் சார்!"

"எனக்கு வேணுமே."

"அது நியாயம்தான். ஆனா நீங்க சும்மாவே எடுங்க. அதுதான் நல்லது."

"யாருக்கு நல்லது?"

"எல்லாருக்குமே."

"சரி, கால்வாசி குடுங்க. பேருக்கு ஏதாவது குடுங்க."

"உங்க கையில ஒத்தைப் பைசா குடுக்க மாட்டேன் சார். தப்பா எடுத்துக்காதீங்க" என்று டாக்டர் கும்பிட்டார். "வீட்டுக்காரம்மா எப்போ ஊர்லேர்ந்து வர்றாங்க?"

கேட்டுவிட்டுக் கேமராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். சொந்தக் கட்டடம், பளபளக்கும் கார், கை நிறைய நோயாளிகள். இத்தனையும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு மகா கஞ்சனா என்று போட்டோக்காரர் மலைத்து உட்கார்ந்துவிட்டார்.

சாயந்திரம் மனைவி போன் செய்தாள்.

"யாராவது வந்தாங்களா?"

"பல் டாக்டர் வந்தார். புது க்ளினிக்கை ஓசியில எடுக்கணுமாம். விரட்டிட்டேன்."

அவள் குரல் சட்டென்று உயர்ந்தது.

"விரட்டிட்டீங்களா?"

"இனிமே இந்தப் பக்கமே வரமாட்டார்."

"ஏங்க, நான் வர்ற வரைக்கும் தயவுசெஞ்சு யாரையும் விரட்டாதீங்க."

ஊருக்கெல்லாம் இரக்கப்படுகிற மனசு அவளுக்கு. அந்த மனசைத்தானே எல்லோரும் மொட்டையடிக்கிறார்கள் என்று அவருக்கு இன்னும் ரோஷம் வந்தது. வாயால் சொன்னால்தானே ஒவ்வொருவரிடமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது? ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினார். 'இங்கு யாருக்கும் இலவசமாகப் படம் எடுக்கப்பட மாட்டாது.' கீழே இடம் மிச்சம் இருந்தது. 'உறவினர்களுக்கும்' என்று சேர்த்தார்.

அதை முதலில் படித்தவர் மனைவியின் தம்பி.

"மாமா, இந்த உறவினர்கள்ங்கறது யாரு, நானா?"

"பொதுவா எழுதினது மச்சான். உள்ளே வா, உட்காரு."

"அடுத்த வாரம் பொண்ணு பட்டம் வாங்கறா. குடும்பமா ஒரு படம் எடுக்கணும், அதான் வந்தேன்."

"எடுத்துட்டாப் போச்சு. உன்கிட்ட நான் என்னத்தைக் கேக்கப் போறேன்? பிரிண்ட் செலவு மட்டும் குடு."

மச்சான் உட்கார வந்தவர் அப்படியே நிமிர்ந்தார். "அக்காகிட்ட பேசினீங்களா?"

"எதுக்கு உங்க அக்காகிட்ட பேசணும்? கடை என்னுது."

"இல்லை மாமா, பிரிண்ட் செலவுன்னாலும் அது காசுதானே?" மச்சான் வாசல் பக்கம் நகர்ந்தார். "கோவிச்சுக்காதீங்க. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. நான் வேற யாரையாவது பார்த்துக்கறேன்."

"வேற யாராவது சும்மா எடுப்பாங்களா?"

"மாட்டாங்க. அவங்களுக்குக் காசு குடுத்துடுவேன்."

போட்டோக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ஒருத்தனுக்குக் கொடுப்பானாம், அக்கா புருஷனுக்குக் கொடுக்க மாட்டானாம்! மச்சான் போன பிறகு பலகையை எடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் ஒரு வக்கீல் வந்தார்.

"இந்தப் பலகையை எழுதினது நீங்கதானா? இப்படிப் பட்டுனு பேசற ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். ஆபீஸ்ல மாட்டறதுக்கு என் படம் ஒண்ணு வேணும்" என்றவர், பேரம் பேசாமல் முழுத் தொகையையும் எடுத்து நீட்டினார்.

போட்டோக்காரருக்குக் கடவுளே நேரில் வந்த மாதிரி இருந்தது. நோட்டுகளைச் சட்டைப் பையில் வைத்தார். வைத்த உடனேயே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது.

சுவரில் டாக்டரின் பிள்ளைகள் படம் ஒன்று மாட்டியிருந்தது. இரண்டும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தன. "அதே மாதிரி எடுங்க, போதும்" என்றார் வக்கீல்.

"அது ஓசியில எடுத்தது சார். உங்களுக்கு அதைவிட நூறு மடங்கு நல்லா எடுக்கறேன்."

ஒரு விளக்குப் போட்டார். காசு வாங்கிவிட்டு ஒரு விளக்கா என்று இன்னொன்று போட்டார். நிழல் விழுந்தது. நிழலைப் போக்க மூன்றாவது, அதன் கண்கூச்சத்தைப் போக்க நாலாவது. வக்கீலின் மோவாயை ஒரு நூல் ஏற்றினார், ஒரு நூல் இறக்கினார், மறுபடியும் ஏற்றினார். பையிலிருந்த நோட்டு அவர் மூச்சு விடும்போதெல்லாம் சரசரத்தது.

"கொஞ்சம் சிரிக்கலாமா?" என்று வக்கீல் கேட்டார்.

"வேண்டாம் சார். காசு குடுத்திருக்கீங்க. அசையாதீங்க."

பொழுது சாயும்போது படம் தயாரானது. வக்கீல் அதைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயும் பார்த்தார்.

"இதை மாட்டினா என் கட்சிக்காரனே எனக்கு ஜாமீன் கேப்பான்யா" என்றார் மெதுவாக. "காசைத் திருப்பிக் குடுங்க. படம் என்கிட்ட இருக்கட்டும். ஆதாரம்."

அந்த ஆதாரம் தெருவில் யார் யார் கைக்குப் போனதோ தெரியாது. அதற்குப் பிறகு காசு கொடுத்தும் ஆள் வரவில்லை, சும்மாவும் வரவில்லை. மருந்துக் கடைக்கு வருகிறவர்கள்கூடப் பலகையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். போட்டோக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, தான் எங்கே தப்புச் செய்தோம் என்று யோசித்தார். கௌரவமாக ஒரு வார்த்தை பேசியது தப்பா? இத்தனை வருஷமும் தன்னை ஒரு கலைஞன் என்று நினைத்திருந்தார். ஓசி என்பதற்காகத்தான் வந்தார்கள் என்று இப்போது தெளிவாகிவிட்டது. அது வலித்தது.

அதைவிட வலித்தது அந்தத் தையல் மெஷின். யாரும் மதிக்காத ஒரு கடைக்காக இனி ஒரு நாள்கூட அவள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. நாளை அவள் வந்து இறங்கும்போது கடை இருக்கக் கூடாது. சலவைக் கடையில் ஏணி இரவல் வாங்கி, வாசலுக்கு மேலே இருந்த பெயர்ப் பலகையைக் கழற்ற ஏறினார். முதல் திருகாணி சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை. அதை முறைத்துக்கொண்டே, மனசு விட்டு அழுதார்.

"ஏங்க போர்டுக்காரரே!" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டோக்காரர் உள்ளே இருக்காரா?"

போட்டோக்காரர் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லைங்க."

"நல்லதாப் போச்சு. அவர் சம்சாரம்?"

"நாளைக்குத்தான் வர்றாங்க. வந்தும் பிரயோஜனம் இல்லை. கடையை மூடியாச்சு. ஓசியில எடுத்துக் குடுத்தே நொடிச்சுப் போச்சு."

பெரியவர் பதறி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஓசியா! இங்க யாருங்க ஓசியில எடுத்தா? அந்தம்மா கையில காசை முன்னாடியே குடுத்துட்டு, அவர்கிட்ட மட்டும் சும்மான்னு சொல்லணும்னு பல் டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பியிருக்கார். காசுன்னு தெரிஞ்சா அந்த மனுஷனுக்குக் கை உதறி, என் பொண்ணு கல்யாணத்தையும் அந்த வக்கீல் மாதிரி எடுத்து வெச்சுடுவாராமே?"