பிரன்ச் மேஜையில் டெரிக்

சொற்பிறப்புச் சொல்லி என்றொரு இனம் உண்டு. யார்க்ஷையரில் ஞாயிறு காலை எந்தக் கஃபேக்குள் நுழைந்தாலும் ஒன்றாவது உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் டெரிக். 'ஸ்மாக்' தாங்கவில்லை என்று நீங்கள் இருமினால், அதிலுள்ள புகையையும் பனிமூட்டத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டிவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பார். மோட்டலில் தங்கினேன் என்றால் போச்சு. மோட்டாரை ஒரு பக்கமும் ஹோட்டலை மறுபக்கமும் நிறுத்திவிடுவார்.

ஏன் யாரும் தடுப்பதில்லை? இங்கிலாந்தில் பேசுபவரை இடைமறிப்பது கொலைக்கு அடுத்த குற்றம். "அடடே, ரொம்ப சுவாரஸ்யம்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். மனுஷர் அதை நிஜமென்றே நம்புவார்.

போன ஏப்ரலில் அவர் மகள் ஹேசல் லண்டனிலிருந்து ரயிலேறி வந்து, அப்பா அம்மாவையும் பக்கத்து வீட்டுக்காரனான என்னையும் பிரன்ச்சுக்கு அழைத்தாள். ஜூனில் அவளுக்குக் கல்யாணம். சர்ச்சுக்குள் தன் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும் என்று அப்பாவைக் கேட்க வேண்டும். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாளாம், பாவம்.

"அப்பா, உங்களை ஒண்ணு கேக்கணும்..."

"கேளும்மா. அதுக்கு முன்னாடி, பிரன்ச்சுங்கறோமே, அந்த வார்த்தை எங்கேருந்து வந்துது தெரியுமா?"

தெரியும். மேஜையில் எல்லோருக்கும் தெரியும். முட்டைக்கே தெரியும். பிரேக்ஃபாஸ்டின் தலை, லன்ச்சின் வால், யாரோ ஒரு பத்திரிகைக்காரர், சனிக்கிழமை இரவு குடித்தவர்கள் ஞாயிறு தாமதமாக எழும் உரிமை என்று ஊர்வலம் கிளம்பியது. ஹேசல் வாயைத் திறந்தாள்.

"பொறும்மா, இனிமேதான் விஷயமே இருக்கு!"

டோஸ்ட் விறைத்தது, பீன்ஸ் உறைந்தது, ரயிலுக்கு நேரமானது. எனக்கு டீப்பாட்டை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. அம்மா மோரீன்தான் எழுந்தாள்.

"வாடி. ஸ்டேஷனுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன், சர்ச்சுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். இவர் கிடக்கார்."

"ஏதோ கேக்கணும்னியேம்மா?" என்றார் டெரிக்.

"ஒண்ணுமில்லப்பா. ரொம்ப சுவாரஸ்யமா இருந்துது."

டெரிக்கின் முகம் பூரித்துப்போயிற்று.

ஜூனில் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குள் நடந்து வந்தாள். முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்த டெரிக் என் காதருகே சாய்ந்தார். "பிரைட்ஸில்லான்னு ஒரு வார்த்தை இருக்கே, அதுல பாதி மணப்பொண்ணு, மீதி காட்ஸில்லா. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மேலே மோட்டல் வந்த இடத்தில், "அட, இதைக் கேளேன்" என்று பக்கத்திலிருப்பவர் பக்கம் திரும்பினீர்களே, அவர் முகத்தைக் கவனித்தீர்களா? அவர் உங்களிடம் ஏதோ கேட்பதற்காக வந்திருந்தார்.