லண்டனுக்குப் போகாத படம்

"திரும்பாதீங்க! அம்மா வந்துட்டாங்க!"

மனைவி நசாக்கா போட்ட கூச்சலில், டி.வி.க்குப் பின்னால் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கியிம்பா சட்டென்று நிமிர்ந்தான். தலை அலமாரியில் 'ணங்' என்று இடித்தது. திரை முழுக்க லண்டனில் இருக்கும் அவன் மாமியாரின் முகம்.

அவன் பார்க்கவில்லை. மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டால் மருமகனுக்குக் கை நடுக்கம் வரும் என்பது உகாண்டாவில், அதுவும் கம்பாலாவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். டி.வி.யில் பார்த்தாலும் வருமா என்று காலையில் ஒரு வழக்கே நடந்தது. நசாக்காவின் அத்தை நலூலே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"முகம்னா முகம்தான். பொட்டிக்குள்ள இருந்தா மட்டும் வேறயா? அதுவும் நீ அவளை ஆள் உசரத்துக்குல்ல கொண்டாந்து நிறுத்தப்போற!"

ஆகவே கூடத்தின் குறுக்கே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் டி.வி., அதன் தலையில் காமிரா, ஞானஸ்நானம் முடிந்து வந்த குழந்தை, முப்பது விருந்தாளிகள். இந்தப் பக்கம் கம்ப்யூட்டரும் கியிம்பாவும். கம்ப்யூட்டரின் சொந்தத் திரை போன வருஷமே போய்விட்டதால் டி.வி.தான் அதற்கும் திரை. டி.வி.க்கோ குரல் கிடையாது. மூத்தவன் அதற்குக் கஞ்சி ஊட்டிய நாளிலிருந்து அது ஊமை. அதனால் சத்தத்துக்குத் தனி ஒயர், தனி ஆம்ப், பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அந்த வீட்டில் இதையெல்லாம் மாட்டத் தெரிந்த ஒரே ஆள் கியிம்பா. மாட்டியது சரியா என்று பார்க்கக் கூடாத ஒரே ஆளும் அவன்தான்.

"கண்ணு, நசாக்கா!" ஸ்பீக்கரில் மாமியாரின் குரல் கணீரென்று வந்தது. "எப்படிடா இருக்கே?"

விருந்தாளிகள் கை தட்டினார்கள். விரிப்புக்குப் பின்னால் கியிம்பா தொண்டையைச் செருமிக்கொண்டான். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அதில் நாலே வரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் வேலை போய், குடியில் விழுந்து கிடந்தபோது, நசாக்காவின் அண்ணன்மார் அவளைக் கூட்டிப்போக வண்டியோடு வந்து நின்றார்கள். மாமியார்தான் வாசலில் குறுக்கே நின்று, "அவன் எழுந்துப்பான். என் மக இங்கதான் இருப்பா" என்றாள். அவன் எழுந்துகொண்டான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு இன்றுவரை நன்றி சொன்னதில்லை. அவள் லண்டனுக்கு விமானம் ஏறிய அன்றுகூட எண்டெபே விமான நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றவன்தான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். விரிப்புக்குப் பின்னாலிருந்து பேசினால் தப்பில்லை என்று அத்தையே சொல்லிவிட்டாள்.

"அம்மா, குழந்தையைப் பாருங்க! சட்டை என்ன கலர், சொல்லுங்க?" என்றாள் நசாக்கா.

லண்டனிலிருந்து பதில் தயங்கித் தயங்கி வந்தது.

"குரல் நல்லாக் கேக்குது கண்ணு. படம்தான் வரலை. உங்க பக்கம் ஏதோ கோளாறு போல."

கோளாறு என்ற சொல் காதில் விழுந்தால் கியிம்பாவால் சும்மா இருக்க முடியாது. நல்லவன்தான், ஆனால் கையை வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாதவன்.

"காமிராவைத் துடை!" என்றான்.

நசாக்கா டி.வி. மேலிருந்த பின்னல் துணியை எடுத்துத் துடைத்தாள்.

"இப்போ தெரியுதாம்மா?"

"இல்லையேடா. ஒரே இருட்டு."

"அம்மா ஏன் ஒரு பக்கமாவே பாக்கறாங்க?" என்று நசாக்கா மெதுவாகக் கேட்டாள்.

"லண்டன்ல அப்படித்தான் பாப்பாங்க" என்றாள் அத்தை, லண்டனிலேயே பிறந்தவள் மாதிரி.

"ஏங்க, படம் போனாப் போகுது. நீங்க பேச வேண்டியதைப் பேசிடுங்களேன்."

"ஒரே நிமிஷம். இந்த வீட்டையும் பிள்ளையையும் அவங்க கண்ணால பாக்கட்டும். அப்புறம் சொன்னாத்தான் அது நன்றி."

அந்த ஒரே நிமிஷம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

படம் டி.வி.க்குப் போவதால்தான் லண்டனுக்குப் போகவில்லை என்று அவனுக்கு ஒரு சந்தேகம். விரிப்புக்கு அடியில் கையை நீட்டி, டி.வி.யின் முதுகைத் தடவினான்.

"இடது பக்கம்" என்றாள் நசாக்கா. "இன்னும் இடது. ஐயோ, அது அத்தை கால்!"

ஒயரைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் செருகினான். படம் போய்த் திரும்பி வந்தது. சத்தம் திரும்பி வரவில்லை. அது ஊமை டி.வி.க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"வாய் அசையுது, ஒண்ணும் கேக்கலை!"

"ஒரே நிமிஷம்!" கியிம்பா ஆம்பின் குமிழை முழுசாகத் திருகினான். பிறகு மௌஸைப் பிடித்தான். திரையைப் பார்க்காமல் எப்படி நகர்த்துவது? நசாக்காதான் அவனுக்குக் கண்.

"மேல போங்க. இன்னும் மேல. கீழ, கீழ! அம்மா மூக்கு மேல நிக்குது, அங்க அமுக்கிடாதீங்க!"

எங்கேயோ அமுக்கினான். ஸ்பீக்கர் இரண்டும் ஒரே ஊளையாக ஊளையிட்டன. குழந்தை வீறிட்டது. பக்கத்து வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வாழையிலையில் கட்டி அவித்த கோழியை அப்போதுதான் பிரித்த ஒரு மாமா, அதை அப்படியே மடியில் கொட்டிக்கொண்டார்.

"பாத்தியா, கை நடுக்கம்!" என்றாள் அத்தை. "விரிப்பு ஓரமா எட்டிப் பாத்திருக்கான்!"

"பாக்கலை அத்தை! சத்தியமாப் பாக்கலை!"

"பின்ன ஏன் ஸ்பீக்கர் நடுங்குது?"

ஊளையை அடக்க வேறு வழி தெரியாமல், "அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்று கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டான். திரையில் நீலமாக ஏதோ எழுதி வந்தது. நசாக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம், பாதியில் அணைக்க வேண்டாம்னு போட்டிருக்குங்க. நாலு சதவீதமாம்."

நாற்பது நிமிஷம் ஆயிற்று. விருந்தாளிகள் மாமியாரை மறந்து கோழியோடு ஐக்கியமானார்கள். கியிம்பா விரிப்புக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்தான். முதலில் குரல் எவ்வளவு நன்றாக இருந்தது! அப்போதே சொல்லியிருக்கலாம். கேட்குது என்று அவர்களே சொன்னார்களே. ஏன் கை வைத்தோம்? தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

"வந்துடுச்சு!" என்றாள் நசாக்கா. "அம்மா இன்னும் அதே நாற்காலியிலதான் இருக்காங்க. பாவம், களைச்சுப்போயிட்டாங்க. வாய் அசையுது. என்னமோ கேக்கறாங்க. திரும்பத் திரும்ப அதையே கேக்கறாங்க!"

"ஒரே நிமிஷம், ஒரே நிமிஷம்!" அவன் ஒயரை ஒவ்வொரு ஓட்டையாக மாற்றி மாற்றிச் செருகினான். இப்போது கை நிஜமாகவே நடுங்கியது.

"ஏங்க, சீக்கிரம்! அந்தப் பொண்ணு வந்து அம்மாவைக் கையைப் பிடிச்சு எழுப்பறா."

"எந்தப் பொண்ணு?"

"அம்மாவைப் பாத்துக்கற கானாக்காரப் பொண்ணு. முதல்ல நாற்காலியில உக்கார வச்சுட்டுச் சமையல் பண்ணப் போனாளே, அவதான். ஐயோ, கூட்டிட்டுப் போறா!"

'டொக்' என்று பிளக் உட்கார்ந்தது. லண்டன் வீட்டில் கதவு சாத்தும் சத்தம் முப்பது பேருக்கும் துல்லியமாகக் கேட்டது. படமும் குரலும் சேர்ந்து வந்துவிட்டன. கண்ணாடி மாதிரி படம், மணி மாதிரி குரல். திரையில் ஒரு காலி நாற்காலி.

கியிம்பா விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். அத்தை தடுக்கவில்லை. இனிமேல் பார்க்கக் கூடாத முகம் அங்கே எதுவும் இல்லை. காகிதத்தைப் பிடித்தபடி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்பது வருஷம் சொல்லாததை இன்னும் எத்தனை வருஷம் வைத்துக்கொண்டிருப்பது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரை மூட வந்த அந்தப் பெண் இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"மருந்து குடுத்துட்டேன். படுத்த உடனே தூங்கிட்டாங்க."

"தங்கச்சி, மூடிடாதேம்மா" என்று கியிம்பா பதறினான். "இத்தனை நேரம் படம் வராம அவங்களைக் கஷ்டப்படுத்திட்டேன். இப்போ சரி பண்ணிட்டேன். பாத்துச் சொல்லு, எங்க படம் தெரியுதா?"

பீரோ உயர ஸ்பீக்கர் இரண்டிலும், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, அவள் சொன்னாள்:

"படம் முதல்லேர்ந்தே நல்லாத்தாண்ணா வருது, அம்மாவுக்குத்தான் ரெண்டு கண்ணும் போய் எட்டு மாசமாச்சு, 'மருமகன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கேட்டாப் போதும்'னுதானே இத்தனை நேரமும் அந்த நாற்காலியை விட்டு அசையாம உக்காந்திருந்தாங்க!"