மாடி அறைக்குள் தாழ்போட்டுக்கொண்ட மச்சானுக்கு

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே யாரும் நலமில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நீ நலமா என்று தட்டிக் கேட்டால் பதிலுக்குப் பாடம்தான் வருவதால், கடிதம் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை உன் அக்காவின் பூப்போட்ட நைட்டியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சலவைக் கடை வைத்திருக்கிற நான் வீட்டில் எதற்குத் துவைப்பது என்று என் பேண்ட்டெல்லாம் கீழே கடையில்தான் கிடக்கின்றன. இடுப்பில் இருந்த ஒன்றும், காலையில் ஷட்டர் இடுக்கில் காலை விட்டு நெம்பியதில் முன்பக்கம் பின்பக்கம் என்ற வித்தியாசம் இல்லாமல் கிழிந்துபோனது. நைட்டியில் பை இருக்கிறது, ரிமோட் வைத்துக்கொள்ள வசதி. அது ஒன்றுதான் ஆறுதல்.

நன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்த ஷட்டரை ரிமோட்டில் ஓட வைக்கிறேன் என்று வந்தவன் நீ. கையால் இழுக்கிற சங்கிலி எதுக்கு மாமா, அசிங்கமா இருக்கு என்று கழற்றி எறிந்தவனும் நீயேதான். இப்போது அந்த அசிங்கம் இருந்தால் கும்பிட்டுப் பூ வைப்பேன். நேற்று கடை பூட்டியதும் புது நிரலை ஏற்றினாய், இன்று காலை ரிமோட்டை அழுத்தினால் ஷட்டர் செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது, உள்ளே சலவைக்கு வந்த வக்கீலின் கறுப்பு கோட். அவருக்கு நாளைக் காலை கோர்ட்டில் பெரிய வழக்கு, இருப்பதே ஒரு கோட்டுதான். கோட்டு வரவில்லை என்றால் அடுத்த வழக்கு உன் மேலதான்யா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். போதாததற்கு இஸ்திரி போடுகிற எதிர்க்கடைக்காரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் நைட்டிக்கு இஸ்திரி போடணுமா என்று கேட்கிறான்.

நீயோ ஷட்டருக்கு வெளியே இருக்கிற மோட்டார்ப் பெட்டியிலிருந்து சிப்பு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு மேலே போனவன்தான். என்னடா கோளாறு என்று கேட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து பாடம் நடத்துகிறாய். பூட்லோடராம், சிப்பு கண் விழித்ததும் முதலில் ஓடுகிற நிரலாம். ஆர்ம் என்கிற வகையைச் சேர்ந்த இந்தக் குட்டிச் சிப்பு நினைவகத்தில் பெரிய எண்ணை எடுக்கப் போனால் நாலால் வகுபடுகிற இடத்தில்தான் கை வைக்குமாம், எண் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்திருந்தால் அங்கேயே நின்றுவிடுமாம். தள்ளி இருந்தால் எட்டி எடுக்கக் கூடாதா? அது என்ன சிப்பா, சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷனா? சரி, அந்த எண்ணை யார் தள்ளி வைத்தது என்றால் அதைத்தான் தேடறேன் மாமா என்கிறாய்.

எனக்கு ரத்தம் கொதித்தது மத்தியானம்தான். எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காக, திரையில் எழுத்துக் காட்டுகிற ஒரு வரியைச் சேர்த்தாய். உடனே சிப்பு ஓடியது. மோட்டாரே சுற்றியது போல உன் அக்கா கை தட்டினாள். கீழே மாட்டுடா என்றேன். நீ கதவைக்கூடத் திறக்காமல் அந்த வரியை எடுத்துவிட்டு, மறுபடி நின்றுபோச்சு என்று சந்தோஷமாகச் சொன்னாய். ஏன்டா பாவி என்றதற்கு நீ சொன்ன பதிலைச் சுவரில் எழுதி வைக்கப் போகிறேன்.

"ஏன் ஓடுதுன்னு தெரியாம ஓடக் கூடாது, மாமா."

நான் உன் அக்காவோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன், ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தெரியுமா?

நான் உன்னைக் கேட்டது என்ன? எதிர்க்கடை ஷட்டர் திறக்கும்போது பீப் என்கிறது, நம்முடையது ஊமையாக எழுந்திருக்கிறதே, ஒரு சின்ன பீப் வை என்றேன். அவ்வளவுதான். இந்தக் கோளாறில் என் கை நகம்கூடப் படவில்லை என்பதை வக்கீல் முன்னாலேயே சொல்லுவேன். ராத்திரிக்குள் ஷட்டர் எழவில்லை என்றால் கடப்பாரைதான், அப்புறம் மாமா கோபக்காரர் என்று யாரிடமும் புலம்பாதே.

கோபம் கோபமாக இருக்கட்டும், தட்டில் சாப்பாடு வாசலில் இருக்கிறது, ஆறுவதற்குள் சாப்பிடு. உன் அறிவும் கண்ணும் நீடூழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொதித்துப்போன மாமா

பின்குறிப்பு: இதை மடிப்பதற்குள் நீயே கதவைத் திறந்து வந்துவிட்டாய். மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். "நீங்க கேட்ட பீப்புக்கு ஒரு பைட்டை எல்லாத்துக்கும் முன்னாடி சொருகினேன் மாமா, பின்னாடி இருந்ததெல்லாம் ஓர் இடம் நகர்ந்துபோச்சு, மத்தியானம் சேர்த்த வரி அதைத் தற்செயலா சரியான இடத்துக்குத் தள்ளிடுச்சு" என்று நீ சொன்னபோது நான் சாப்பாடு ஆறுகிறது என்றேன், நினைவிருக்கும். பீப்பைக் கடைசிக்குத் தள்ளி, அட்டையை மாட்டி, நீ தூங்கப் போன பிறகு நான் ரிமோட்டை அழுத்தினேன். பீப் வந்தது, ஷட்டர் எழுந்தது. வக்கீல் கோட்டோடு போய்விட்டார். பேண்ட் மாற்ற மறைவு வேண்டும் என்று உள்ளே நின்று ஷட்டரை இறக்கும் பொத்தானை அழுத்தி, ரிமோட்டை நைட்டிப் பையில் போட்டு, நைட்டியைக் கழற்றி வீசினேன். அது வாசலுக்கு வெளியே விழுந்தது. ஷட்டர் ஒழுங்காக இறங்கிவிட்டது. கையோடு கொண்டுவந்த கடிதத்தில் இதையும் உள்ளிருந்தே எழுதி ஷட்டருக்கு அடியில் தள்ளுகிறேன். இடுக்கு வழியாகத் தெரிகிறது, பக்கத்தில் கிடக்கும் நைட்டியை எதிர்க்கடைக்காரன் இஸ்திரி போட எடுத்துப்போகிறான்.