கிலோ அண்ணனும் எடைக்கு எடை வெல்லமும்

இந்தப் பூமியில் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணாத ஒரே ஆள் எங்கள் கிலோ அண்ணன்தான். நகரியில் நூல் கடை வைத்திருக்கிறார். விசைத்தறிக்காரர்களுக்கு நூல் மூட்டைகளை நிறுத்துக் கொடுத்துக் கொடுத்து, எதிரே வருகிறவர்கள் எல்லாருமே அவர் கண்ணுக்கு மூட்டையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கடைக்கு மேலே மாடி அறைக்கு நான் குடிபோன அன்று அவர் என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அறுவத்தெட்டு இருப்பியா?” என்றார். எடை மெஷினில் ஏறி நின்றேன். அறுபத்தெட்டு. அப்புறம்தான் சாவி கைக்கு வந்தது.

தன் எடை விஷயத்தில் இன்னும் மோசம். சாப்பிடப் போகும்போது ஒருமுறை மெஷினில் ஏறுவார், சாப்பிட்டு வந்து ஒருமுறை ஏறுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து முகம் மலர்ந்துபோகும். “இன்னிக்கி ஒன்னே கால் கிலோ துன்னுக்கிறேன்பா. உங்க அண்ணி வச்ச கோழிக் கொழம்பு அப்படி” என்பார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்றால் பதினொரு மணிக்கே மிளகாய் பஜ்ஜி வந்துவிடும். பசி தாங்க வேண்டுமே என்பார்.

ஒருநாள் மூட்டையைத் தூக்கக் குனிந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். திருப்பதிக்குக் கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் நூற்றுப் பத்து கிலோ என்று எழுதப் போக, இந்த மனிதர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, “நூத்திப் பன்னெண்டும்மா. உங்க மெஷினு தப்பு” என்றார். வெளியே வராந்தாவில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தார். “பெருமாளே, இந்த மனுசன் எழுந்து நடந்து வந்தா எடைக்கு எடை வெல்லம் வைக்கிறேன்.”

மனிதர் எழுந்து நடந்து வந்தார். ஆனால் டாக்டர் சும்மா அனுப்பவில்லை. சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, ரத்த அழுத்தமும் அப்படித்தான், அரிசிச் சாப்பாட்டை மாற்றி எடையை இறக்காவிட்டால் அடுத்த தடவை தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

கிலோ அண்ணனுக்குப் பயம் வரவில்லை, ஆராய்ச்சி வந்தது. கடையில் நூல் குறைந்தால் எங்கே போயிற்று என்று துருவுகிறவர், உடம்பில் எடை எங்கிருந்து வருகிறது என்று துருவ ஆரம்பித்தார். மூட்டை நிறுக்கிற மெஷினில் இட்லி தனியாக எடை காட்டாது. அதனால் தட்டைக் கையில் ஏந்தி மெஷின் மேல் நின்று, தன் எடையைக் கழித்துப் பார்ப்பார். நூல் வாங்க வந்தவர்கள் காத்துக் கிடப்பார்கள்.

முதலில் அரிசியை அடியோடு விட்டார். அதற்குப் பதிலாக ராகி சங்கடி, அதுதான் களி, பெரிய பெரிய உருண்டையாக மூன்று. மாதக் கடைசியில் ஒரு கிலோ ஏறியிருந்தது.

“டாக்டர் அரிசியத்தான வேணாம்னாரு?” என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. தறிக்கூடத்துக்குத் தறிக்கூடம் குடித்த சர்க்கரை டீ பிடிபட்டது. பஜ்ஜி கையும் களவுமாகப் பிடிபட்டது. உருண்டை ஒன்றானது, தட்டில் பாதிக்குக் கீரையும் காயும் வந்தது, இருட்டும் முன்பே ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. எடை மெதுவாக இறங்கத் தொடங்கியது. மாடிப்படி ஏறி வந்து என்னோடு பேசிவிட்டுப் போகிற அளவுக்கு மூச்சும் சீரானது.

தை பிறந்து புது வெல்லம் வரட்டும் என்று அண்ணி வேண்டுதலைத் தள்ளி வைத்திருந்தார். வெல்லம் வந்தபோது அண்ணன் தொண்ணூற்று நாலில் நின்றார். அங்கேதான் வந்தது வினை.

“நான் வேண்டிக்கினது நூத்திப் பன்னெண்டு. இப்படி எளச்சிக்கினு போய் உக்காந்தா சாமிக்கி பதினெட்டு கிலோ கொறையுது” என்றார் அண்ணி.

“எளச்சா சாமி கோச்சிக்குமா?”

“காப்பாத்தன பெருமாள ஏமாத்தனா, குடுத்தத திரும்ப எடுத்துக்கமாட்டாரா?”

தெரு இரண்டாகப் பிரிந்தது. தராசில் ஏறுகிற அன்றைய எடைதான் கணக்கு என்று ஒரு கட்சி, வேண்டிக்கொண்ட அன்றைய எடைதான் என்று மறு கட்சி. அர்ச்சகரிடம் கேட்டோம். “மீ இஷ்டம்” என்று தெலுங்கில் சொன்னார். அழுத்திக் கேட்டதும், “உங்க இஷ்டம்” என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இதற்குள் அண்ணி சங்கடிக்குள் நெய்யை ஒளித்து வைக்க ஆரம்பித்திருந்தார். எடை மெஷின் காட்டிக்கொடுத்தது. ஆனால் அண்ணன் சண்டை போடவில்லை. மறுநாள் வலியக் கேட்டு இரண்டு உருண்டை வாங்கிச் சாப்பிட்டார். நான் கேட்டுவிட்டேன்.

“டாக்டர் சொன்னது மறந்துபோச்சாண்ணா?”

“மறக்கலபா. அவ பயந்துக்கினு ஒரு வாய் நிம்மதியா துன்னமாட்டேங்கிறா. எனக்கு மட்டும் எறங்கி இன்னாத்துக்கு?”

இரண்டே வாரத்தில் இரண்டு கிலோ ஏறியது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தார். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள், “வெல்லத்த வண்டியில ஏத்துங்கடா” என்று அங்கிருந்தே கடைப் பையன்களுக்குக் குரல் கொடுத்தார்.

கார்வேட்டிநகரம் போகிற வழியில் இருக்கும் பெருமாள் கோயிலுக்குப் போனோம். தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்தவர், கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு நூல் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பதினாறு கிலோ.

“நான் தொண்ணூத்தாறு, இது பதினாறு. நூத்திப் பன்னெண்டு சரியா கீதா பாத்துக்கோ” என்றார் அண்ணியிடம்.

எதிர்த்தட்டில் வெல்லம் ஏறிக்கொண்டே போனது. முள் நடுவில் நின்றதும் அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். இறங்கும்போது அண்ணன் மூட்டையை நீட்ட, அண்ணி வாங்கப் போய்த் தடுமாறிவிட்டார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இத்தயும் சேத்தா இத்தினி வருசமா தூக்கிக்கினு நடந்த?”

எல்லாவற்றுக்கும் எண் சொல்கிற மனிதர் குனிந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கோயிலில் அந்த வெல்லத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். தெருவே வெளுத்துக் கட்டியது. அண்ணன் இலையில் ஒரே ஒரு கவளம்தான் விழுந்தது. பரிமாறியவர் அண்ணி.

அந்த நூல் மூட்டையை அண்ணன் விற்கவில்லை. கடை மூலையில் கிடக்கிறது. பஜ்ஜி வாசனை வந்தால் அதை ஒருமுறை தூக்கி வைப்பாராம்.

நான் இப்போது திருப்பதியில் தனியாக ஓட்டல் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறேன். போன வாரம் நகரிக்குப் போயிருந்தேன். எண்பத்தெட்டு கிலோவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அறுவத்தி நாலு. மீதிய எங்க வுட்ட?” என்றவர் உள்ளே திரும்பி, “இவனுக்கு ரெண்டு உருண்ட வையி. நெய் ஊத்து” என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் மெஷினில் ஏறச் சொன்னார். நான் இளைத்துப்போனதை அவரைத் தவிர யாருமே கவனித்திருக்கவில்லை. மறுபேச்சுப் பேசாமல் ஏறி நின்றேன்.