பத்திரம் அண்ணாச்சி வீட்டுப் பாட்டுப்பெட்டி

பாளையங்கோட்டையில் கரண்டைக் கண்டு பயப்படுகிற ஆட்கள் எத்தனையோ பேர் உண்டு. கரண்டே கண்டு பயந்த ஆள் ஒருத்தர்தான். அவர் எனக்கு எதிர்வீடு.

பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. ‘பத்திரம் அண்ணாச்சி’ என்றால் ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே முப்பது வருஷத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறவர். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை என்று எழுதி எழுதி, அவர் வாயும் பத்திரத்தாளாகவே ஆகிவிட்டது. “மேற்படி கத்திரிக்காயில் சொத்தை காணப்படும் பட்சத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதமா?” என்று சந்தையில் நின்று கேட்பார். காய்க்காரம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்: “அண்ணாச்சி, நீங்க கத்திரிக்கா வாங்க வந்தியளா, காணி வாங்க வந்தியளா?”

அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் கைத்தொழிலும் பாட்டும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் டீச்சர். புருஷனுக்கும் டீச்சர்தான். நாலைந்து வருஷமாகவே காது மந்தம். வலது காது அறவே போய்விட்டது. இடது காது போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கருவி வைத்துப் பார்த்தார். “தலைக்குள்ள ஒருத்தி குக்கரை வச்சுட்டு எங்கயோ போயிட்டா தம்பி, விசில் நிக்கவே மாட்டேங்கு” என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்.

ஒரே மகள். வெளிநாட்டில் நர்ஸ். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடுவாள். எல்லாம் டீச்சர் மடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த கீர்த்தனைகள். பாடியதைப் பதிந்து அம்மாவுக்கு அனுப்புவாள். டீச்சர் போனைக் காதில் ஒட்டவைத்துக் கேட்டால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின சத்தம்தான் வரும்.

அதற்காகத்தான் போன லீவில் மகள் அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு முள். அந்த முள்ளில் போனைச் செருகி நிறுத்தினால் போனுக்குச் சார்ஜும் ஏறும், போனில் இருக்கிற பாட்டு பெட்டி வழியாகக் கணீரென்று வெளியே வரும். கையில் பிடித்து அமுக்க ஒரு ரிமோட். தன்னுடைய பழைய போன் ஒன்றையும் அதற்கென்றே கொடுத்து, “அம்மா, அந்த ஒரு காது இருக்கும்போதே ஆசைதீரக் கேட்டுருங்க” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். ஏறுவதற்கு முன்னால், பெட்டியோடு வந்த பாதுகாப்புக் குறிப்புத் தாளை அப்பா கையில் கொடுத்தாள். அந்தப் பிள்ளை வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு அதுதான்.

நாமெல்லாம் அந்தத் தாளை என்ன செய்வோம்? அலமாரித் தட்டில் விரிப்போம். அண்ணாச்சி பூதக்கண்ணாடி வைத்து மூன்று நாள் வாசித்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“வே, இதுல இருவத்தேழு ஷரத்து இருக்கு. நீரு உம்ம வீட்டுக்கு எத்தனை சாமான் வாங்கியிருக்கீரு?”

“டி.வி., மிக்சி, கிரைண்டர்... ஒரு ஏழெட்டு இருக்கும் அண்ணாச்சி.”

“ஒண்ணுக்காவது தாளை வாசிச்சிருக்கீரா?”

“இல்ல.”

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “பிறவு எப்படிவே உசிரோட இருக்கீரு?”

இங்கிலீஷ் தாள் வீட்டாருக்குப் புரியாதென்று அவரே தமிழில் எழுதினார். எப்படி எழுதியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். ‘மேற்படி பெட்டியின் மேலோ, அதன் நான்கெல்லைக்குள்ளோ, தண்ணீர், காப்பி, மோர் முதலான யாதொரு திரவமும் அடங்கிய பாத்திரத்தை மேற்படி வீட்டாரோ, அவர்தம் வாரிசுகளோ, விருந்தினரோ வைக்கக் கடவதன்று.’ அடியில் சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு கோடு. ஒரு கோட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் வீட்டுக்கு விடமாட்டார்.

அடுத்தது பெட்டிக்கு இடம் பார்க்கிற படலம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அண்ணாச்சி அவ்வளவு அலையவில்லை. காற்றோட்டத்துக்குச் சுற்றிலும் நாலு அங்குலம் விட வேண்டும் என்று ஒரு ஷரத்து. சரியென்று ஹாலுக்கு நட்டநடுவே வைத்தார். வீட்டுக்குள் ஒரு ரவுண்டானா உருவாயிற்று. அடுக்களைக்குப் போகிறவர்கள் இடதுபுறமாகச் சுற்றிப் போனார்கள். அப்புறம்தான் அடுத்த ஷரத்து கண்ணில் பட்டது: வயரை மிதிக்கக் கூடாது. மறுபடியும் தூக்கினார். கடைசியில் வடக்குச் சுவரோரம் அளவுகோல் வைத்து நாலு அங்குலம் தள்ளி, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைப் பெட்டிமேல் வைத்துப் பார்த்து, திருப்தியானார். வெயில் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினார். சோபா இடஞ்சலென்று முற்றத்துக்குப் போயிற்று. வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்காத காற்றோட்டம் பெட்டிக்குக் கிடைத்தது.

இப்போதாவது போடுவாரா என்றால், வோல்ட்டேஜ் வந்து குறுக்கே நின்றது. இருநூற்று நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று பெட்டியின் முதுகில் எழுதியிருக்கிறதாம். எங்கள் தெரு கரண்டு சாயங்காலம் சீவனில்லாமல் கிடக்கும், விடியற்காலம் பேய் பிடித்து ஆடும். அண்ணாச்சி ஒரு மீட்டரை வாங்கி மாட்டி, முள் ஆடுவதை ஒரு மாதம் பார்த்தார். பிறகு பிரிட்ஜுக்குப் போட்டிருந்த ஸ்டெபிலைசரைப் பிடுங்கிப் பெட்டிக்கு வைத்தார். அந்த வாரம் முழுக்க டீச்சர் வீட்டில் பால் திரிந்தது. பெட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை.

சபைப் போதகர் வீடு சந்திக்க வந்தார். டீச்சர் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். “ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. காப்பியோட உள்ள வரதுக்கு ஷரத்துல இடமில்ல” என்று அண்ணாச்சி கும்பிட்டார். போதகர் வாசற்படியில் நின்று குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், கையைத் துடைத்தார், பிறகு உள்ளே வந்து ஜெபம் பண்ணினார். “எல்லாப் பொல்லாப்புக்கும் இந்த வீட்டை விலக்கிக் காத்தருளும்” என்று அவர் சொன்னபோது அண்ணாச்சி மட்டும் பெட்டியைப் பார்த்து ‘ஆமென்’ சொன்னார்.

டீச்சரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அந்த வீட்டில் டி.வி., பிரிட்ஜ், தண்ணீர்க் குடம் எல்லாமே அவர் பின்னிய வெள்ளை லேஸ் போர்த்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். இந்தப் பெட்டிக்கும் மூன்றே நாளில் ஒரு முக்காடு பின்னிப் போட்டுவிட்டார். ஆபீசிலிருந்து வந்த அண்ணாச்சி அதைப் பார்த்துப் போட்ட சத்தம், பெட்டி அதுவரை போட்ட சத்தத்தைவிட அதிகம்.

“துணி போட்டு மூடக்கூடாதுன்னு பதினோராவது ஷரத்து சொல்லுது டீச்சர்! உள்ள சூடு ஏறும்!”

“ஓட்டை ஓட்டையாத்தான பின்னியிருக்கேன்? காத்து போகாதா?”

அண்ணாச்சி உட்கார்ந்து எண்ணினார். “பெட்டிக்குப் பின்னால ஓட்டை அம்பத்தாறு. உன் லேசுல நூறு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு நேருக்கு நேர் வரலியே!”

டீச்சர் லேசை எடுத்து அண்ணாச்சியின் தலையில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இடி மின்னல் ஷரத்து இருக்கிறதே, அதுதான் கொடுமை. இடி மின்னல் சமயத்தில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டுமாம். சமயம் என்றால் எது சமயம்? மொட்டைமாடியில் ஏறி மேற்கே பார்ப்பார். மலைப்பக்கம் கைக்குட்டை அளவு மேகம் தெரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். மேகம் தெரியாவிட்டால், மேற்கே சேர்மாதேவியில் இருக்கிற, தன்னிடம் பத்திரம் எழுதின கட்சிக்காரருக்குப் போன் போடுவார்.

“ஏலே, அங்கன வானம் எப்படி இருக்கு?”

“இங்கன வெயில் பொசுக்குது அண்ணாச்சி.”

“இந்தப் பொசுக்கு பொசுக்குனா சாயங்காலம் இடி நிச்சயம்” என்று அப்போதும் பிடுங்குவார். ஆனியில் சாரல், ஐப்பசியில் அடைமழை, இடையில் கோடையிடி. வருஷத்தில் அந்தப் பெட்டி பாட உரிமை பெற்ற நாட்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

அந்த நாட்களில் மட்டும் என்ன வாழ்ந்தது? ரிமோட்டிலிருந்து கழற்றித் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றிவைத்த பேட்டரிகளை எடுத்து மாட்டுவார். சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும் என்பது ஷரத்து, இறக்குவார். திரும்ப ஏற்றுவது பற்றி யோசிக்கவே மாட்டார். முப்பது வரை போகிற சத்தத்தை நாலில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

“பாடுதா?” என்று கேட்பார் டீச்சர்.

“பாடுதே.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே. கொஞ்சம் கூட்டுங்களேன்.”

“அதிகச் சத்தம் செவிக்குக் கேடுன்னு அச்சடிச்சே போட்டிருக்கான். இருக்கது அரைக் காது. அதையும் இந்தப் பெட்டி தின்னுட்டா என்ன செய்வ?”

டீச்சர் மகளுடைய வாயசைவைப் பார்க்கிறதுபோல ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி பிளக்கைக் கழற்றி, போனைத் துடைத்து உறையில் போடுவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். காதைக் காப்பாற்றுகிறேன் என்று காதுக்கு ஒரு வேலையும் கொடுக்காத மனுஷனை என்னவென்று சொல்வது? தெருவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான்தான் ரொம்பச் சிரித்தேன்.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம், டீச்சர் வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். அண்ணாச்சி வீட்டில் இல்லை. ஏதோ பாகப்பிரிவினை எழுதப் போயிருந்தார்.

“தம்பி, இந்தப் பெட்டியை உமக்குப் போடத் தெரியுமா?” என்றார். “போன ஞாயித்துக்கெழம அவ தனியாப் பாடியிருக்கா. மொத மொதலாத் தனியா. அனுப்பிட்டு, அம்மா கேட்டீங்களா, கேட்டீங்களான்னு எழுதிக்கிட்டே இருக்கா.”

“அண்ணாச்சி வரட்டுமே டீச்சர்” என்று அவர் இடது காதுப்பக்கம் போய்க் கத்தினேன்.

“நேத்து டாக்டர்ட்ட போனோம். இந்தக் காது தைப்பொங்கல் வரைக்கும் தாங்குனாப் பெரிய காரியம்னுட்டாரு. இவுக விடல. சத்தம் கூட்டிக் கேட்டா காது கெட்டுருமான்னு கேட்டாக. இனிமே கெடுகதுக்கு அங்க என்ன இருக்குன்னாரு. அதிலேருந்து இவுக வாயே தொறக்கல.” டீச்சர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “காது கேக்கதுக்குத்தான தம்பி? பூட்டி வச்சு யாருக்கு எழுதி வைக்கப்போறேன்?”

நான் உள்ளே போனேன். வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பிளக்கைச் செருகினேன். பேட்டரிகளைப் பிரித்து மாட்டினேன். போனை உறையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து முள்ளில் இறக்கினேன். “பைய, பைய” என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இத்தனை நாள் கிண்டல் பண்ணிய எனக்கும் அந்த வியாதி ஒட்டியிருக்கிறது! சத்தத்தை நாலிலிருந்து ஏற்றி ஒன்பதுக்குக் கொண்டுபோனேன். அதற்குமேல் விரல் போகவில்லை. பாட்டு ஆரம்பித்தது. டீச்சர் தரையில் உட்கார்ந்து, இடது காதை ஸ்பீக்கரில் சாய்த்தார். முகத்தைச் சுளித்தார். இன்னும் நெருங்கினார். தலையை ஆட்டினார்.

“கேக்கல தம்பி.”

அப்போதுதான் கேட் கிரீச்சிட்டது. திரும்பினால், அண்ணாச்சி. குடையை மடக்கக்கூட இல்லை. சொட்டச் சொட்ட ஹாலுக்குள் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எத்தனையிலவே வச்சிருக்கீரு?”

“ஒ... ஒம்பது அண்ணாச்சி. இந்தா அணைச்சிருதேன்...”

“ஒம்பதுல அவளுக்கு என்னவே கேக்கும்?” என்று ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கினார். பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தைந்து. முப்பதில் போய்தான் நிறுத்தினார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர்வரிசை வீடுகளில் ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பெண் பாடுகிறாள், மலைப்பக்கம் இடி இடிக்கிறது. “நீரு பாட்டை மட்டும் பாரும். இத நான் பாத்துக்கிடுதேன்” என்று கத்தி, ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டு, அண்ணாச்சி சுவிட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, வானத்தை முறைத்துப் பார்த்தபடி நின்றார்.

பாட்டு முடிந்தது. டீச்சர் ஸ்பீக்கரிலிருந்து காதை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“மூணாவது அடியில அவ மூச்சு வாங்குதா” என்றார். “நேரத்துக்குச் சாப்பிட மாட்டேங்கா போல.”

அண்ணாச்சி, விரலை எடுக்காமல், முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: “இன்னொருக்கா போடும்வே. நான் வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னதுல பாட்டைக் கவனிக்கல.”

போட்டேன். அன்றைக்கு மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அவர் வானத்தையேதான் பார்த்துக்கொண்டு நின்றார்.