பிரேக்குக்குப் பதில் செங்கல்

“சான்றிதழ் இல்லாதவங்க அடுத்த மாசத்திலிருந்து வார்டுக்குள்ள வேலை செய்ய முடியாது” என்று தலைமை சிஸ்டர் சொன்னபோது, நான் ஒரு நோயாளியின் தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தேன். குன்னூரில் எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. வரவேற்பு மேசையில் சேர்ந்து, ஆள் பற்றாக்குறையால் வார்டுக்குள் இழுக்கப்பட்டு, அங்கேயே ஒட்டிக்கொண்டவள் நான். மறுபடியும் மேசை, டோக்கன், “அடுத்து யாருங்க?” தானா!

“மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. இத்தனை வருஷம் பார்த்த வேலையவே படிப்பா எடுத்துக்கறாங்களாம். செய்முறைத் தேர்வு மட்டுந்தான். பாஸ் பண்ணினா நர்சிங் உதவியாளர் சான்றிதழ்” என்றார் சிஸ்டர்.

அப்போதுதான் பொறி தட்டியது. தினமும் செய்கிற வேலையை ஒரு தடவை செய்து காட்டினால் போதுமா? அப்படியென்றால் பாஸான மாதிரிதான்! (அடக்கம் என்பது என் ஜாதகத்திலேயே கிடையாது.)

நோயாளியாக நடிக்க ஆளை நாமே கூட்டிவர வேண்டும். எஸ்டேட் ஜீப் ஓட்டும் என் சித்தப்பாவைப் பிடித்தேன்.

“உங்களுக்குப் பக்கவாதம். வலது கை, கால் வராது. என்ன ஆனாலும் அசைக்கக் கூடாதுங்க சித்தப்பா.”

“மலையே சரிஞ்சாலும் அசைக்கமாட்டேன் அம்மிணி.”

கோத்தகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் தேர்வு. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். சிரிப்பை மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. காய்ச்சல் பார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

அடுத்து, சித்தப்பாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி, வராந்தாவுக்குத் தள்ளி வந்தேன்.

“இங்கயே நிறுத்துங்க.”

நிறுத்தினேன். என் கை தானாக நாற்காலியின் முதுகுப் பைக்குள் போனது. காலி!

எங்கள் ஆஸ்பத்திரி நாற்காலியின் பிரேக் நான் சேர்வதற்கு முன்பே செத்துவிட்டது. முதுகுப் பையில் ஓர் அரைச் செங்கல் வைத்திருப்போம். நிறுத்தினால் அதைச் சக்கரத்துக்கு அடியில் அண்டை கொடுப்போம். மலையில் லாரிக்காரர்கள் செய்வதுதானே! இந்த நாற்காலியில் பிரேக் வேலை செய்யும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

“மேடம்... கல்லு எங்கீங்க?”

“எந்தக் கல்லு?”

“சக்கரத்துக்கு வெக்கறதுங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில், நாற்காலியை விட்டுவிட்டுப் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல்லை எடுக்க ஓடினேன். மழைத் தண்ணீர் வடிவதற்காக வராந்தாவைச் சரிவாகக் கட்டியிருந்தார்கள்.

“அம்மிணி...” என்று மெதுவாக ஒரு குரல். பிறகு, “அம்மிணீ!”

“சக்கரத்தப் பிடிங்க! கையால பிடிங்க!” என்று கத்தினார் தேர்வாளர்.

சித்தப்பா பிடித்தார். இடது கையால் மட்டும். ஒரு சக்கரம் நின்றது, இன்னொன்று ஓடியது. நாற்காலி ஒரு வட்டம் போட்டு, விளிம்பைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்குள் பின்பக்கமாக இறங்கியது.

செங்கல்லும் கையுமாக ஓடினேன். செடிகளுக்கு நடுவிலிருந்து சத்தம் வந்தது:

“வலது கைய இன்னும் அசைக்கலீங்க மேடம்!”

முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். அதைப் பார்த்ததும் என் பதற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. தலையில் அடிபட்டதா, கிறுகிறுப்பு உண்டா என்று கேட்டேன். கையைக் கழுவினேன், காயத்தைச் சுத்தம் செய்தேன், கட்டுப் போட்டேன். நிமிர்ந்தபோது தேர்வாளர் எழுதிக்கொண்டிருந்தார்.

“கட்டுப் போடறதுதான் அடுத்த கேள்வி. அதுக்கு மார்க் போட்டாச்சு.” பிறகு மேலே தூக்கி வைத்த நாற்காலியின் சக்கரத்தருகே இருந்த சின்னக் கம்பியை இழுத்துக் காட்டினார். “இதுக்குப் பேரு பிரேக்.”

மற்ற எல்லாவற்றிலும் பாஸ். நாற்காலிக்கு மட்டும் மறுதேர்வு. அதுவரை மேசை, டோக்கன், “அடுத்து யாருங்க?”

இப்போது எங்கள் வீட்டில் நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தால்கூட, “கல்லு வெச்சியா?” என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வந்து எங்கள் ஆஸ்பத்திரி நாற்காலியின் பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தார். தினமும் போட்டு எடுத்துப் பழகுகிறேன். செங்கல்லை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை.

மறுதேர்வுக்கும் சித்தப்பாதான் நோயாளி. ஒரே ஒரு நிபந்தனை:

“இந்தத் தடவ ரெண்டு கையும் வர்ற சீக்காப் பாத்துச் சொல்லு அம்மிணி.”