வேடியப்பன் வீட்டுக் கூரை

கடலில் புயல் கிளம்பியிருக்கிறது, நாளை மாலை மலைக்கும் வரலாம் என்று துரை பங்களாவுக்குத் தந்தி வந்தது. கணக்கெழுதும் ரைட்டர் அதைச் சொன்னதும் கொட்டச்சேட்டுக் காப்பித் தோட்டத்து ஆட்கள் எங்கே ஓடினார்கள்? கூரையை இறுக்கிக் கட்டவா? சாமியார் வேடியப்பனைப் பார்க்கத்தான். அந்தக் கூட்டத்திடம் தேர்த் திருவிழா தோற்றது.

வேடியப்பன் காற்றையே கட்டுபவராம். கோழி ஒன்று கொடுத்தால் மந்திரித்த மஞ்சள் நூல் ஒரு முழம். வாசற்காலில் கட்டினால் புயல் ஒதுங்கிப் போய்விடுமாம். புயலுக்கு அவ்வளவு மரியாதை தெரியும் போலிருக்கிறது.

“கூரை மேல கயிறு கெடந்தா காத்துக்காரி கோவிச்சுக்குவா. அவுத்தாந்து இங்க போட்டுருங்க” என்றார் சாமியார்.

வீராயி காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் புருஷன் செங்கோடன் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்து நூலோடு வந்து நின்றான். புல்லுக் கூரை. அதன் கீழே மகளும், பிறந்து பன்னிரண்டே நாளான பேத்தியும். திரும்பி வந்த வீராயி நூலைப் பிடுங்கிக்கொண்டு கயிற்றைக் கேட்கப் போனாள்.

சாமியார் வாசலில் கோழியும் கையுமாகக் கூட்டம். வீராயி பின்பக்கமாகப் போனாள். கூரை முழுக்க வாழைச்சருகு. ஒன்றை விலக்கினாள். அடியில் ஊர்க் கயிறெல்லாம் குறுக்கும் நெடுக்குமாக இறுகிக் கிடந்தது. சிவப்புத் துணி முடிந்த அவள் கயிறும் இருந்தது.

முன்னால் வந்து நூலைச் சாமியாரின் வாசற்காலில் கட்டினாள்.

“ஏனுங்க சாமி, இந்த நூலு நெசமா காத்தைக் கட்டுமுங்களா?”

“சந்தேகப்பட்டாப் பலிக்காது.”

“சந்தேகமெல்லாம் இல்லீங்க. அதான் உங்க ஊட்டுக்கும் கட்டிப்போட்டேன். இனிமேல் சருகுக்கு அடியில இருக்கற கயிறெல்லாம் எதுக்குங்க? காத்துக்காரி நொம்பக் கோவிச்சுக்குவாளே. அறுத்துப் போடறேன்.”

இடுப்பிலிருந்த கொடுவாளை எடுத்தாள். சாமியார் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

“அறுக்காத தாயி. காத்தடிச்சாக் கூரை பறந்துரும்.”

கூட்டம் பின்பக்கம் ஓடிச் சருகை விலக்கியது. பிறகு அவரவர் கயிற்றை அவரவர் உருவிக்கொண்டார்கள். கோழிகளும் வீடு திரும்பின.

மறுநாள் புயல் வந்தது. கயிறு கட்டிய கூரைகள் நின்றன. வீராயியின் பேத்தி நனையாமல் தூங்கினாள். வேடியப்பன் வாசற்காலில் மஞ்சள் நூல் பத்திரமாக இருந்தது. கூரைதான் செம்மநத்தம் பக்கம் போய்விட்டது.

இனி எவனாவது உங்கள் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால், முதலில் அவன் கூரையை எட்டிப் பாருங்கள்.